சாரல் காற்றில் நின்ற மேகம்

காற்றாலையில் வேலை பார்ப்பவனுக்குக் காற்றைப் பற்றி ஒரு மிதப்பு வந்துவிடும். எனக்கு நன்றாகவே வந்திருந்தது. ஆனி பிறந்து மேற்கிலிருந்து காற்று கிளம்பினால் எங்களுக்கு வேலைக்காலம். கருவி காட்டும் வேகத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு எத்தனை காற்றாலை சுற்றும் என்று காலையிலேயே சொல்லிவிடுவேன். இருபது வருடத்துக்கு மேலாக இதே பிழைப்பு. அதனால் நாற்பத்தைந்து வயதில் சிறு விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டபோது, பாதிப் பாடம் எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

நெல்லைக்கு வடக்கே, கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு பழைய ரன்வே இருக்கிறது. அங்கே ஒரு சின்ன ஃபிளையிங் கிளப். இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்று வைத்திருந்தார்கள். நான் உரிமம் வாங்கி மூன்று வருடமாகியும் என் மனைவி அதில் ஏறவில்லை. அவள் ஆழ்வார்குறிச்சியில் ஒரு பள்ளியில் புவியியல் ஆசிரியை. "நீங்க காத்தாடிக் கம்பத்துல ஏறுததே எனக்குப் பயமா இருக்கு. இதுல இது வேறயா?" என்று சொல்லிவிடுவாள்.

கடைசியில் அவளை ஏற வைத்த பெருமை ஒரு மேகத்தையே சேரும். போன ஆடி மாதம் ஒரு நாள், பொதிகை மலைக்கு மேலே ஒரு மேகம் நகராமல் நிற்பதைப் பள்ளி மைதானத்திலிருந்து பார்த்திருக்கிறாள். மற்ற மேகங்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓட, அது மட்டும் காலைப் பிரார்த்தனையிலிருந்து மதிய மணி வரை ஒரே இடத்தில் நின்றதாம். இட்லித் தட்டுகளை அடுக்கியது போல மூன்று அடுக்கு. பிள்ளைகள் அது என்ன மேகம் என்று கேட்டார்கள்; பாடப்புத்தகத்தில் அதற்குப் படம் இல்லை. அவள் செல்போனில் எடுத்த படத்தில் கொடிக்கம்பம்தான் நன்றாக விழுந்திருந்தது.

"ஒரே ஒரு தடவை வாரேன். நல்ல படமா எடுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டணும். ஆனா எனக்குப் பயமா இருந்துச்சுன்னா இந்தப் பேச்சை அதோட விட்டுரணும். அதுக்கப்புறம் கூப்பிடக் கூடாது" என்றாள்.

சரி என்றேன். மேலே பார்த்ததையெல்லாம் மூன்று வருடமாக வீட்டுக்கு வந்து வாயால் சொல்லி ஓய்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையில் அவள் இருந்து, நான் பார்ப்பதை அவளும் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதற்கு எனக்குக் கிடைத்தது ஒரு காலைப்பொழுது.

அந்த வாரச் சனிக்கிழமை அதே காற்று. அதே மேகமும் வந்து நின்றது. கிளம்பும்போது கிளப்பின் பயிற்சியாளர் கூப்பிட்டுச் சொன்னார். அவர் வடக்கேயிருந்து வந்தவர், இமயமலைப் பக்கம் பல காலம் பறந்தவர். அந்த மாதிரி மேகம் நின்றால் மலைக்கு இந்தப் பக்கம் காற்று கீழே விழும், எட்டியே நில்லுங்கள் என்றார். தலையை ஆட்டினேனே தவிர, காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேற்கிலிருந்து வரும் சாரல் காற்றைப் பற்றி நெல்லைக்காரனுக்கு ஒருவர் எச்சரிக்கை சொல்வதா? எங்களுக்குச் சாரல் என்றால் விருந்தாளி மாதிரி. சாரல் விழுந்துவிட்டது என்று தெரிந்தால் எண்ணெயும் துண்டுமாகக் குற்றாலத்துக்கு ஓடுவோம். அந்தக் காற்று ஆளைக் கவிழ்க்கும் என்று எங்கள் பக்கம் யாரும் நினைத்ததில்லை. போதாக்குறைக்கு எனக்குச் சோறு போடுவதே அதுதான்.

முதல் பத்து நிமிடம் அவள் இருக்கைப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். தாமிரபரணி தெரிந்ததும் ஒரு கையை எடுத்தாள். ஆழ்வார்குறிச்சிக்கு மேலே வந்ததும் இன்னொரு கையும் பட்டையை விட்டு வந்துவிட்டது.

"ஏங்க, எங்க ஸ்கூலு! சைக்கிள் நிறுத்துத கொட்டகை கூடத் தெரியுது!"

அப்புறம் கேமராதான். மேகம் எங்களுக்கு மேலே, விளிம்பு வழவழவென்று, பால் வெள்ளையாக நின்றது. கீழ்ப்பக்கம் மட்டும் லேசாக நீலம். காற்று அத்தனை வேகத்தில் வீசியும் விமானம் ஆடவே இல்லை. அதுதான் என்னை ஏமாற்றியது. "இன்னும் கொஞ்சம் பக்கத்துல போவோமா?" என்று கேட்டது அவள், போனவன் நான். பாபநாசத்து மலையை ஒட்டித் திருப்பினேன். ஜன்னலைத் திறந்து அவள் படமாக எடுத்துத் தள்ளினாள். நான் வாயைப் பிளந்துகொண்டு மேகத்தைப் பார்த்தேன்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. விடைத்தாள் திருத்தும்போது பத்துத் தாளுக்கு ஒருமுறை முதல் தாளை எடுத்துப் பார்ப்பாள், தன் கை இளகிவிட்டதா, இறுகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள. ஒரு கட்டுத் தாளை முடிக்க எத்தனை நாள் என்று நான் கேலி செய்வேன். அன்றைக்கும் அப்படித்தான், பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தவள் கேமராத் திரையில் முதல் படத்தைப் பார்த்தாள். வெளியே பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"ஏங்க, முதப் படத்துல இந்த மலைக்கு அந்தப் பக்கம் காரையாறு அணைத் தண்ணி தெரியுது. இப்போ தெரியலயே?"

உயரம் காட்டும் கருவியைப் பார்த்தேன். இரண்டாயிரம் அடிக்கு மேல் இழந்திருந்தோம். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு சத்தம் இல்லை. முள் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

பதறிப்போய் விமானத்தின் மூக்கைத் தூக்கினேன். வேகம் செத்து, எச்சரிக்கை ஒலி கத்தத் தொடங்கியது. இறங்குவது மட்டும் நிற்கவில்லை. சரிவில் மரங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. அப்போதுதான் பயிற்சியாளர் சொன்னது மண்டையில் உறைத்தது. கேரளப் பக்கம் ஏறி வந்த காற்று எங்கள் பக்கம் அருவியாக விழுந்துகொண்டிருந்தது. அருவியில் தண்ணீராவது கண்ணுக்குத் தெரியும். அதற்கு அடியில் நின்றுகொண்டு மேலே ஏறப் பார்த்தால் நடக்குமா? வெளியே வர வேண்டும்.

கிழக்கே திருப்பி, வேகம் பிடிக்க மூக்கைத் தாழ்த்தினேன். விழுந்துகொண்டிருக்கும்போது இன்னும் கீழ்நோக்கிப் பிடிக்கக் கை வரவில்லை, வம்படியாகத் தள்ளினேன். அவள் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

"இறங்குதோம். வெளிய கொண்டுபோகப் பாக்கேன்" என்றேன்.

"சரி. நீங்க உங்க வேலையப் பாருங்க, வெளிய நான் பாத்துச் சொல்லுதேன்" என்றாள். "இடப்பக்கம் ஒரு குன்று இருக்கு, அங்கன போகாண்டாம். நேரா போங்க. வயலு வந்துட்டு. மலை பின்னால போயிட்டு."

வருகைப்பதிவு எடுக்கும் குரல். ஒரு நடுக்கம் இல்லை. விமானம் இரண்டு முறை தூக்கிப் போட்டது. அவள் "ம்" என்று மட்டும் சொன்னாள். அம்பாசமுத்திரத்து வயல்களுக்கு மேலே வந்தபோது முள் நின்றது. பிறகு பைய ஏறத் தொடங்கியது. நான் அழுதுவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

இறங்கியதும் பயிற்சியாளரிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் திட்டிய திட்டில் பாதி எனக்குப் புரியாத மொழி, முழுவதும் நியாயம். அந்தக் காற்று ஓயும் வரை மலைப்பக்கம் போகக் கூடாது என்று தடை போட்டார். பிறகு முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் வாங்கிப் பார்த்துவிட்டு, அவளைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் மனதுக்குள் கூப்பிக்கொண்டேன். அவளுக்கும், அவளுடைய விடைத்தாள் கட்டுகளுக்கும், நான் மதிக்காமல் விட்டும் வேளைக்கு வந்து நின்ற அவருடைய வார்த்தைக்கும். இன்றைக்கு உட்கார்ந்து இதை எழுத முடிகிறதென்றால் அவர்களால்தான்.

காரில் தாழையூத்து தாண்டியதும் நான்தான் கேட்டேன், பயமாக இருந்ததா என்று.

"இருந்துச்சு. ரொம்ப."

பேச்சு பேச்சுதான். இனி கூப்பிட முடியாது. அவள் பக்கத்தில் இருக்க நான் பறந்த ஒரே பறத்தல் முடிந்துவிட்டது, அதுவும் என் தலைக்கனத்தால் முடிந்தது என்று நினைத்தபடி சாலையைப் பார்த்து ஓட்டினேன். முக்கூடல் வரும் வரை அவள் கேமராவில் படங்களை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு அதை அணைத்துப் பையில் வைத்தாள்.

"அடுத்த தடவை நீங்க மேகத்தப் பாக்க வேண்டாம். அத நான் பாத்துக்கிடுதேன். நீங்க மலையப் பாருங்க."