லாய் யிங் எதைத் திருடினாள்?

திருடினாள் என்று சொல்கிற வாயை முதலில் கழுவிக்கொண்டு வரட்டும், அப்புறம் பேசலாம். எதைத் திருடினாள் லாய் யிங்? அடுப்பைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனாளா? எண்ணெய்ச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினாளா? வூன் வீட்டுப் பரம்பரைச் சமையல் ரகசியத்தைத் திருடிவிட்டாளாம். நாலாம் மாடியில் இருக்கிற போ என்கிற ஆன்ட்டி, ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாரிடமும் இதைச் சொல்லிச் சொல்லி, லிஃப்ட்டுக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். காது இருக்கிறவர்கள் நடந்ததையும் கொஞ்சம் கேட்கட்டும்.

எங்கள் புளோக்குக்குக் கீழே உள்ள காப்பிக்கடையில், மூலையில் வெள்ளைக்காரச் சாப்பாடு போடுகிற வெஸ்டர்ன் கடை இருக்கிறதே, அங்கே பத்தொன்பது வருஷம் அடுப்படியில் நின்றவள் அவள். போர்க் சாப் ஒன்று, அதுதான் பொரித்த பன்றி இறைச்சித் துண்டு, பக்கத்தில் உருளைக்கிழங்கு வறுவல், தக்காளிச் சாற்றில் கிடக்கிற பீன்ஸ், முட்டைக்கோஸ், வெண்ணெய் தடவிய பன். ஆறரை வெள்ளி. மாலில் அந்தக் காசுக்கு நாற்காலியைக் காட்டுவார்கள், உட்காரக்கூட விடமாட்டார்கள். கத்தியும் முள்ளும் வைத்துச் சாப்பிடுகிற ஆசை பணக்காரனுக்கு மட்டுமா இருக்கிறது? சம்பள நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, வெள்ளைக்காரன் மாதிரி வெட்டிச் சாப்பிடச் சொல்லிக்கொடுத்த அப்பன்மார் எத்தனை பேர் அந்த மேசைகளில்!

கடையைத் தொடங்கியவர் பெரிய வூன், ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரத் துரை வீட்டில் சமைத்தவர். லாய் யிங்கைத் தட்டுக் கழுவத்தான் சேர்த்தார். அவர் சாப்பைக் காய்ந்த ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிப்பார். நன்றாகத்தான் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வாயில் போட்டால் ரொட்டி ரொட்டி என்றுதான் இருக்கும்.

ஒரு சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள், ரொட்டிக்கடைகள் எல்லாம் இழுத்து மூடிக்கொண்டு குடும்பத்தோடு விருந்து சாப்பிடப் போய்விட்டன. பெரிய வூன் முன்கூட்டியே ரொட்டி சொல்லிவைக்க மறந்துவிட்டார். வரிசையோ வாசல் வரைக்கும். மனுஷர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். லாய் யிங் பக்கத்துப் புளோக்கில் இருக்கிற தன் வீட்டுக்கு ஓடினாள். புத்தாண்டுக்கு வருகிறவர்களுக்காக வாங்கி வைத்திருந்த கிரீம் கிராக்கர் பிஸ்கட் டின்னையும், அலமாரியில் இருந்த பழைய கண்ணாடிச் சோடா பாட்டிலையும் எடுத்துக்கொண்டு வந்தாள். பிஸ்கட்டைத் துணியில் கட்டி, பாட்டிலை மேலே உருட்டி நொறுக்கி, அதில் சாப்பைப் புரட்டிப் போட்டாள்.

பெரிய வூன் முதல் துண்டைக் கடித்தார். கரகரவென்று அந்தச் சத்தம் காப்பி கலக்குகிறவருக்கே கேட்டதாம். புத்தாண்டு முடிந்து கடை திறந்த அன்று பார்த்தால் கதவோரம் மூன்று டின் கிரீம் கிராக்கர் நின்றது. அன்றையிலிருந்து தட்டுக் கழுவ வேறு ஆள்.

பெரியவர் போன பிறகு மகன் சின்ன வூன் முதலாளி ஆனான். ஆ செங் என்று அவனைப் பள்ளிக்கூட உடுப்பிலேயே பார்த்தவள் லாய் யிங். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் பத்து மணிக்கு முன்னால் கடைப் பக்கம் தலை காட்டியதில்லை. பிஸ்கட் நொறுக்குவது காலை ஏழு மணி வேலை. அவன் கண்டதெல்லாம் டப்பாவில் நிரம்பியிருக்கிற பழுப்புத் தூள்தான். ரொட்டித்தூள் என்றே நினைத்துக்கொண்டான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள் கேட்கவில்லையே!

இந்த வருஷம்தான் எதிர்ப்புறம் ஐம்பத்தெட்டாம் புளோக் காப்பிக்கடையில் ஒரு கடை காலியானது. லாய் யிங்குக்கு ஐம்பத்து மூன்று வயது. பேர்ப்பலகையில் தன் பேர் இருக்கவேண்டும் என்று அவள் வாய்விட்டு ஆசைப்பட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் காப்பிக்கடை முதலாளி, தவுக்கே தியோ என்கிறவர், சரி என்றார். ஒரு மாதம் முன்னாலேயே சின்ன வூனிடம் நேரே போய்ச் சொல்லிவிட்டாள்.

"ஆ செங், மாசக் கடைசியில நான் வேலையிலிருந்து நின்னுக்கிறேன். எதிர்ல சொந்தமாப் போடப்போறேன்."

அவன் முகம் கடுத்தது. ஏனென்றால் அந்த மாதம்தான் ஒரு பெரிய கம்பெனி அவனிடம் பேசிக்கொண்டிருந்தது. "வூன் குடும்பத்துப் பாரம்பரியச் சுவை" என்று பத்து மால்களில் கடை போடப்போகிறார்களாம், தட்டு பதினெட்டு வெள்ளியாம். எதிரிலேயே அதே சாப்பை இவள் ஆறரைக்குப் போட்டால் அவன் பாரம்பரியம் என்ன ஆவது?

"அது எங்க அப்பாவோட ரெசிப்பி, யிங் அக்கா. அத எடுத்துட்டுப் போய்ப் பொழைக்கலாம்னு பாக்குறியா?"

அவன் போ ஆன்ட்டி காதில் ஒரு வார்த்தை போட்டான். அவ்வளவுதான். மூன்றே நாளில் தியோ கூப்பிட்டனுப்பினார்.

"லாய் யிங், என் கடையில திருட்டுப் பேச்சு வரக்கூடாது. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இதை நீ தீர்த்துக்கிட்டு வா. இல்லன்னா நூடுல்ஸ் போடுற மீ கடைக்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டிருக்கான்."

எப்படித் தீர்ப்பது? வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள். பாட்டில் மட்டும் துணியில் கொஞ்சம் அழுத்தமாக உருண்டது.

மாதக் கடைசி நாள் வந்தது. அன்றைக்கே கம்பெனிக்காரர் இரண்டு பேரை மதியம் சாப்பிட வரச் சொல்லியிருந்தான் சின்ன வூன். முந்தின நாளே லாய் யிங்கிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

"நாளைக்கு நீ எதையும் தொடவேணாம். நானே பொரிக்கிறேன். நீ வரிசைய மட்டும் பாரு."

அப்பாவின் பழைய நோட்டை விரித்து வைத்துக்கொண்டான். அதில் ரொட்டித்தூள் என்றுதான் இருந்தது. கடையில் வாங்கிவந்த ரொட்டித்தூளில் பொரித்தான்.

மதிய நேரம். மேசைக்கு மேசை டிஷ்யூ பாக்கெட் வைத்து இடம் பிடித்துவிட்டு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். தியோவும் சாலையைத் தாண்டி வந்து, காப்பி ஒன்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். கம்பெனிக்காரர்களில் கண்ணாடி போட்டவர் ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார்.

"போன வாரம் நான் இங்க சாப்பிட்டது இது இல்லையே, மிஸ்டர் வூன்."

வரிசையின் முன்னால் நின்ற டாக்சிக்காரர் ஆ ஹெங் எட்டிப் பார்த்தார். "என்னப்பா இது, சாப்புக்குக் கம்பளி போத்தி விட்டிருக்க! சளி புடிச்சிருக்கா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. சின்ன வூனுக்கு வியர்த்துக் கொட்டியது. நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்போதுதான் லாய் யிங் வாயைத் திறந்தாள். மெதுவாகப் பேசவில்லை, எல்லார் காதிலும் விழுகிற மாதிரியே சொன்னாள்.

"ரொட்டி இல்ல, ஆ செங். பிஸ்கட். கிரீம் கிராக்கர். அந்த அலமாரிக்குக் கீழ டின் இருக்கு பாரு."

கேட்டீர்களா? ரகசியத்தைத் திருடினவள் அதைக் காப்பிக்கடை நடுவில் நின்று கத்திச் சொல்லுவாளா?

அவன் டின்னைத் திறந்து, ஒரு கை பிஸ்கட்டை மிக்சியில் போட்டு விட்டான் ஒரு சுற்று. முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி ஆகிவிட்டது. அதில் புரட்டிச் சட்டியில் போட்டான். எண்ணெயில் விழுந்த கொஞ்ச நேரத்தில் மேல்தோல் சட்டையைக் கழற்றுகிற மாதிரி கழன்று தனியாக மிதந்தது, சாப் மொட்டையாக அடியில் கிடந்தது.

"ஐயோ, இப்ப போர்வையும் போச்சு!" என்றார் ஆ ஹெங். "யிங், நாப்பது நிமிஷமா நிக்கிறேன். வண்டிக்கு ஃபைன் போட்ருவான். எனக்கு இன்னிக்குச் சோறு உண்டா இல்லையா?"

அந்த ஒரு கேள்விதான் அவளை அசைத்தது. ஒருத்தர் தட்டுக்குக் காத்துக்கொண்டிருக்கும்போது சும்மா நிற்க அவளுக்குத் தெரியாது. சின்ன வூனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு அடுப்பைவிட்டு விலகி நின்றான். துணியை விரித்தாள், பிஸ்கட்டைக் கட்டினாள், சோடா பாட்டிலை உருட்டினாள். பாதி மாவாக, பாதி குருணையாக வரும்போது கை தானாக நின்றது. அந்தக் கை எங்கே நிற்கவேண்டும் என்று எந்த நோட்டில் எழுதியிருக்கிறது?

முட்டையில் தோய்த்து, புரட்டி, அழுத்தி, சட்டியில் விட்டாள். பொன் நிறத்தில் எடுத்துத் தட்டில் வைத்து ஆ ஹெங்கிடம் நீட்டினாள். அவர் நின்றபடியே ஒரு கடி கடித்தார். கரகரவென்று கேட்டது.

கண்ணாடிக்காரர் எழுந்து வந்தார். "மேடம், நீங்க எங்ககிட்ட வந்திடுங்க. ஏசி கிச்சன், நல்ல சம்பளம்."

"தட்டு என்ன வெலைன்னு சொன்னீங்க?"

"பதினெட்டு வெள்ளி."

"அப்ப இவரு எங்க சாப்பிடுவாரு?" என்று ஆ ஹெங்கைக் காட்டினாள். வாய் நிறைய சாப்போடு அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

ஓரமாக உட்கார்ந்திருந்த தியோ காப்பியைக் கீழே வைத்தார். "லாய் யிங், அந்த மீ கடைக்காரன வரவேணாம்னு சொல்லிடறேன். பேர்ப்பலகையில என்ன எழுதணும்?"

"லாய் யிங். அவ்வளவுதான்."

ஏப்ரனைக் கழற்றினாள், நாலாக மடித்துக் கல் மேடை மேல் வைத்தாள். சின்ன வூன் பக்கத்தில் போய், "பாதி மாவு, பாதி குருணை, ஆ செங். காலையில ஏழு மணிக்கு வந்து பழகு, வந்திடும்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அவன் தலையை ஆட்டினான். அதை போ ஆன்ட்டி லிஃப்ட்டில் சொல்வதில்லை.

அவள் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று, வீட்டிலிருந்து கொண்டுவந்த அந்தச் சோடா பாட்டில். அதைக் கையில் வெளியே தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டு, பின்வாசலை விட்டுவிட்டு முன்வாசல் பக்கம் நடந்தாள், வரிசை நின்ற வழியாகவே.

"எப்ப தொறக்குற?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"புதன்கிழமை."

இடம் பிடித்து வைத்த டிஷ்யூ பாக்கெட்டை எங்கள் ஊரில் யாரும் எளிதில் எடுக்கமாட்டார்கள். சாப்பிடாமல் எடுத்ததாகச் சரித்திரமே இல்லை. அன்றைக்கு எடுத்தார்கள். ஒரு மேசை, அடுத்த மேசை, அதற்கடுத்த மேசை என்று ஒவ்வொருத்தராக வந்து தங்கள் பாக்கெட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்கள். லாய் யிங் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு, வெயிலில் இறங்கி, சாலையைக் கடந்தாள்.