சிவப்பு போன கண்

மகளின் வலது கண் சிவந்தபோது முதலில் மருந்தோடு வந்தவர் என் கணவரின் அண்ணன். கிள்ளானில் எங்களுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறார். அவருக்குக் கண்புரை எடுத்தபோது கொடுத்த சொட்டு மருந்து பாதி மிச்சமிருந்ததாம். கிளினிக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போயிருந்தேன்.

"கிளினிக் எதுக்கு? போனா மத்தியானம் வரைக்கும் உக்கார வைப்பான். இத ஊத்து லா. எனக்கே ஊத்துனது, நல்ல சாமான்" என்றாராம். என் கணவர் மகளின் தலையைப் பிடித்துக்கொள்ள, அவரே சொட்டு விட்டிருக்கிறார். மறுநாள் சிவப்பு போய்விட்டது. அதன்பின் அவர் வாயை மூடவே முடியவில்லை.

"பாத்தியாடா? உன் பொண்டாட்டி டாக்டர் டாக்டர்னு குதிச்சாளே!"

சிவப்பு திரும்பக்கூடாதென்று தினமும் வந்து சொட்டு விட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் மகள் என்னிடம் வந்து நின்றாள். "அம்மா, இந்தக் கண்ணுல எல்லாம் புகை மாதிரி தெரியுது."

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கண் மருத்துவரிடம் ஓடினோம். அந்த அம்மாள் கண்ணில் சாயம் விட்டு, நீல விளக்கை அடித்துத் திரையில் காட்டினார். கருவிழியின்மேல் பச்சையாக ஒரு புண், வேர் பரப்பியதுபோல.

"ஹெர்பிஸ். உதட்டுல கொப்புளம் வருமா இவளுக்கு?"

வரும், பரீட்சை நேரத்தில். உடம்புச் சூடு என்று பார்லி காய்ச்சிக் கொடுப்போம். அதே கிருமிதானாம்.

நாங்கள் கொண்டு போயிருந்த சொட்டு மருந்துப் புட்டியை வாங்கிப் படித்தார். "இது ஸ்டீராய்டு. யார் கொடுத்தா?"

"பெரியப்பா" என்றாள் மகள்.

"டாக்டரா அவரு?"

"லோரி ஓட்டுனாரு."

மருத்துவர் சிரிக்கவில்லை. கண் சிவந்தது உடம்பு கிருமியோடு சண்டை போட்டதால்தான் என்றார். அந்தச் சொட்டு சண்டையை நிறுத்திவிட்டது, கிருமியை அல்ல. களிம்பும் மாத்திரையும் எழுதினார். பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று கேட்டதற்கு, "ஆறட்டும், பாப்போம்" என்றார்.

அந்தக் கிருமியைப் பற்றி நானே தேடிப் படித்தேன். உயிரணுவுக்குள் நுழையும்போதே அது தன் ஆட்களாகச் சில புரதங்களைக் கூட்டிக்கொண்டு வருகிறது. உயிரணு தன் வேலைக்காக எழுதி வைத்திருக்கும் கட்டளைகளை அந்தப் புரதங்கள் கிழித்துப் போடுகின்றன. பக்கத்து உயிரணுக்களை எச்சரிக்கும் குரலை அமுக்குகின்றன. கிருமி பிடித்த உயிரணு அதன் துணுக்கை வெளியே தூக்கிக் காட்டினால்தான் காவல் அணுக்கள் வந்து கொல்லும். அந்தத் துணுக்கு வெளியே போகும் வழியையும், உள்ளே வந்தபின் கிருமி செய்துகொள்ளும் இன்னொரு புரதம் அடைத்துவிடுகிறது. அப்புறம் கிருமி அந்த இடத்தையே பட்டறையாக்கிப் பெருகிக்கொள்கிறது. துரத்தினால் நரம்புக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. அங்கிருந்து எந்த மருந்தாலும் அதை வெளியே இழுக்க முடியாது. இத்தனையும் தெரிந்த ஒன்றுக்கு வெளியிலிருந்து ஒரு உதவியாளும் கிடைத்தார்.

மறுபடி கண்ணைக் காட்டப் போன நாளில் கணவரின் அண்ணன் மருத்துவமனைக்கும் வந்தார், கையில் ஆரஞ்சுப் பழப் பையோடு.

"நல்லதுக்குத்தானே கொடுத்தேன்? சிவப்பு போச்சா இல்லையா, அதச் சொல்லு."

"இவ கண்ணு போச்சுன்னா உங்க கண்ணப் புடுங்கித் தருவீங்களா?"

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பையை நாற்காலியில் போட்டுவிட்டு அவர் போய்விட்டார். அன்றிலிருந்து குடும்பத்தில் நான்தான் குற்றவாளி. பெரியவரை நாலு பேர் முன்னால் கேவலப்படுத்திவிட்டேனாம்.

புண் ஆறியது. தழும்பு நின்றுவிட்டது, பாவைக்கு நேராக. மருத்துவர் அதைச் சொல்லி அனுப்பிய நாளில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தோம். நெரிசலில் கார் நகரவில்லை.

"தீபாவளி வருது. அண்ணங்கிட்ட ஒரு சாரி சொல்லிடேன். ஒரு வார்த்தைதானே?" என்றார் கணவர்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்சீட்டில் மகள் நன்றாக இருந்த இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு முன்னால் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, முன்னாடி நிக்கிற லோரியில நம்பர் பிளேட் இருக்கா?"

அவர் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

"இருக்கும்மா."

"ஓ" என்று சாய்ந்து உட்கார்ந்தாள்.

அண்ணன் பேச்சை அவர் அதற்குமேல் எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன் அந்த மன்னிப்பை. இனியும் கேட்கப்போவதில்லை.