கரித் தரையில் பூத்த உப்பு

"கரியப் போட்டுத் தரை செஞ்சா பிள்ளையளுக்குக் குண்டி கறுத்துப் போவாதாட்டி?"

அடுத்த வீட்டு அத்தை என்னிடம் இப்படிக் கேட்டதும் பைப்படியில் குடங்களோடு நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "இப்ப மட்டும் என்னவாம் மைனி? ஒடஞ்ச தரை கீறி ஒம் மவளுக்கு வரி வரியா கெடக்கு. எம் மவ போடுத தரையில ராணி மாரி உக்காருவா, பாத்துக்கோ" என்றாள்.

கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் அடுக்கி வைத்திருக்கும் கிட்டங்கிகளுக்குப் பின்னால் எங்கள் சந்து. அத்தைக்கு அப்படி ஒரு கிட்டங்கியில் சுக்கு புடைக்கிற வேலை. அம்மா அங்கன்வாடியில் ஆயா. பிள்ளைகளுக்குக் கஞ்சி வைப்பாள், தரை துடைப்பாள். அந்தத் தரைதான் பெயர்ந்து பள்ளமும் மேடுமாகக் கிடந்தது. புதுத் தரை போட்டுத் தரட்டுமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, டீச்சரிடம் அம்மா வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதை நான் ஒருநாளும் தணிந்த குரலில் சொன்னதில்லை. அம்மா என்னைவிடச் சத்தமாகச் சொல்வாள்.

சந்து முனையில் லாரிகள் எஞ்சினை நிறுத்தாமல் முறைக்குக் காத்து நிற்கும். காலையில் ஜன்னல் பலகையைத் துடைத்தால் துணி கறுத்துவிடும். "இந்த ரோட்டப் பூரா நாந்தான் தொடைக்கணுமா" என்று அலுத்துக்கொண்டே அம்மா தினமும் துடைப்பாள். ஜன்னலில் இவ்வளவு என்றால் நெஞ்சுக்குள் எவ்வளவு படிந்திருக்கும் என்று எனக்கு உறைத்தது பாலிடெக்னிக்கில் படிக்கும்போதுதான். கடைசி வருட புராஜெக்டுக்கு அந்தக் கரியையே எடுத்துக்கொண்டேன். போர்ட் கொச்சியின் சின்ன ஹோட்டல்களில் ஜெனரேட்டர் புகைக்குழாய்களில் சல்லடைப் பெட்டிகளைப் பொருத்தினோம். அதில் சேர்ந்த கரியைச் சுரண்டி எடுத்து, எண்ணெயும் நச்சு உலோகங்களும் போகும்வரை ஆய்வகத்தில் கழுவினோம். பிறகு சிமெண்டும் பாறைப்பொடியும் கலந்து அச்சில் வைத்து அழுத்தினால் கறுப்பு டைல்ஸ். கரி சிமெண்டுக்குள் சிக்கிக்கொள்ளும். வெள்ளைத் துணியால் தேய்த்தாலும் ஒட்டாது. அத்தையின் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது.

அழுத்தி எடுத்த டைல்ஸ் நன்றாக இறுக வேண்டுமென்றால் வாரக்கணக்கில் தண்ணீரில் கிடக்க வேண்டும். ஒரு தரைக்கு வேண்டியதை ஊறவைக்க ஆய்வகத் தொட்டியில் இடம் போதாது. அதனால் எங்கள் வீட்டுக்கு முன்னால் நீல டிரம்களில் அடுக்கி, விடியற்காலையில் பைப்பில் வந்த தண்ணீரைப் பிடித்து நிரப்பினேன். "தண்ணி கொறையாமப் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பரீட்சைகளுக்குப் போக ஆரம்பித்தேன்.

தரை போட்ட அன்று டீச்சர் கையால் தடவிப் பார்த்து, "மோளே, கண்ணாடி போலெ உண்டல்லோ!" என்றார். பிள்ளைகள் சட்டையைத் தூக்கிவிட்டுக் குளிர்ந்த கறுப்புத் தரையில் மல்லாந்தும், வயிறு படக் குப்புறவும் படுத்துப் பார்த்தார்கள். அம்மா வாசலில் நின்று, கூட்டிப்போக வந்த ஒவ்வொருவரிடமும் மலையாளத்தில், "என்டெ மோள் செய்ததாணு" என்று பெருமையாகச் சொன்னாள். அத்தை தன் மகளைத் திருப்பி நிறுத்தி, பாவாடையின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கறுக்கல மைனி. ஒத்துக்கிடுதேன்."

அந்தச் சந்தோஷம் கோடை வரைக்கும்தான்.

முதலில் ஒரு மூலையில் சாம்பல் தூவியது போல வெள்ளை பூத்தது. கஞ்சி சிந்தியிருக்கும் என்று அம்மா துடைத்தாள். மறுநாள் இன்னும் கொஞ்சம் பரவியிருந்தது. அம்மா அழுத்தித் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வெள்ளை கூடியது. டைல்ஸின் மேல்தோல் பொடிப்பொடியாகப் பெயர்ந்தது. பிள்ளைகள் பின்புறம் மாவு பூசியது போல வீட்டுக்குப் போனார்கள்.

"கறுக்கும்னுல்லா சொன்னேன்? வெளுத்துல்லா போச்சு!" என்றாள் அத்தை. பைப்படியில் மறுபடியும் சிரிப்பு. இந்த முறை அம்மா நிறைந்த குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

அங்கன்வாடிக்குப் போய் அந்த வெள்ளையை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. பக்கத்தில் அம்மா துடைக்கிற வாளி இருந்தது. அதில் இருந்தது கிணற்றுத் தண்ணீர். ஆனால் துடைக்கிற ஈரத்தில் மட்டும் இவ்வளவு உப்பு ஏறாது; டைல்ஸ் ஊறும்போதே ஏறியிருக்க வேண்டும்.

எங்கள் சந்தில் தண்ணீர் இரண்டு வகை. பைப்பில் விடியலில் கொஞ்ச நேரம் வருவது குடிக்க, சோறு வைக்க. கடல்நீர் ஏறும் காயலோரக் கிணற்றில் இறைப்பது உப்புக் கரிக்கும். அது மற்ற எல்லாவற்றுக்கும். நல்ல தண்ணீரைக் கல்லில் கொட்டுகிற ஒருத்தி எங்கள் சந்தில் பிறக்கவே இல்லை. பரீட்சைச் சமயத்தில் டிரம்களில் தண்ணீர் ஊற்றியது யார் என்று அத்தையிடம் கேட்டேன்.

"நாங்கதான், வேற யாரு? வெயிலுக்கு வத்த வத்த ஆளுக்கொரு கொடம் எறச்சு ஊத்துனோம். ஒனக்குப் பரீட்சைலா. நீ படிக்கணும்லா."

அத்தை முகத்தில் அவ்வளவு பெருமை. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். "கல்லுக்குக் குடிக்கிற தண்ணிய ஊத்தணும்னு யாருக்குட்டி தோணும்? அவளுவகிட்டச் சொல்லாத. ஆசையா ஊத்துனாளுவ" என்றாள். நானும் சொல்லவில்லை.

"பிள்ளேருடே பரீட்சணமல்லே, சாரமில்ல" என்று டீச்சர் நல்லவிதமாகத்தான் சொன்னார். படிக்கிற பிள்ளைகளின் சோதனை முயற்சிதானே, போகட்டும் என்று அர்த்தம். கறுப்பு டைல்ஸைப் பெயர்த்து எடுத்துவிட்டுக் கடையில் வாங்கியதைப் பதித்தார்கள். கரித் தரை நிற்காது என்ற பேச்சு சந்தில் நிலைத்துவிட்டது. டைல்ஸைப் பெயர்த்ததைவிட அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கரி ஒரு குற்றமும் செய்யவில்லை. அன்றைக்கு அது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். லாரிகள் அதே முனையில் அதே புகையோடு நிற்கின்றன. அம்மா ஜன்னலைத் துடைக்கிறாள், இப்போதெல்லாம் அலுத்துக்கொள்வதுகூட இல்லை. என்னைப் பற்றி யாராவது கேட்டால், "பள்ளுருத்தியில ஒரு கட்டட ஆபீஸ்ல வேலைக்குப் போறா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். ஒரு காலத்தில் என் பெயரைச் சொன்னால் அவளை நிறுத்தவே முடியாது.

இந்த வருடம் மழைக்கு முன்னால், பிளந்த பிவிசி குழாயை எங்கள் கூரை விளிம்பில் கட்டினேன். டிரம்கள் மழைத் தண்ணீரால் நிறைந்தன. பழைய ஹோட்டல்களில் மறுபடி கரி வாங்கி, கழுவி, அழுத்தி, புது டைல்ஸைப் போட்டுவைத்தேன். மழை விட்டிருந்த ஒரு நாள், கிணற்றடியிலிருந்து வந்த அத்தை இடுப்புக் குடத்தோடு டிரம் பக்கம் திரும்பினாள். நான் குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். கிணறு, உப்பு, அன்றைக்கு ஊற்றிய குடங்கள் எல்லாவற்றையும் சொன்னேன்.

அத்தை குடத்தை இறக்கிவைத்தாள்.

"இத அன்னைக்கே சொல்லதுக்கு என்னட்டி? எத்தன பேருகிட்ட ஒங் கரியப் பழிச்சிருப்பேன்" என்றாள். "ஒங்க அம்மா முன்னால வேற."

அத்தை குடத்தைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். டிரம் பக்கம் அவள் திரும்பவில்லை.

நேற்று அங்கன்வாடியின் வாசற்படி ஒன்றில் மட்டும் புது டைல்ஸ் பதிக்க டீச்சரிடம் சம்மதம் வாங்கி, அளவும் எடுத்துவிட்டேன். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அம்மா குந்தியிருந்தாள். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒருத்தி, என்ன அளக்கிறீர்கள் என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். டேப்பை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தாள்.