செல்வராணி டப்பாவை மாற்றவில்லை

ராசிங்காபுரத்து அண்ணன், தம்பி இருவரின் சளியிலும் இருந்தவை வெவ்வேறு வகைக் காசநோய்க் கிருமிகள். ஆய்வுக்கூடத்தின் இரண்டாவது கடிதம் இதை உறுதிசெய்துள்ளதாக, போடி காசநோய்ப் பிரிவு மருத்துவர் திங்கள்கிழமை காலை தொலைபேசியில் படித்துச் சொன்னார். பிறகு, அந்தச் சளியை எடுத்து அனுப்பிய பரிசோதகர் செல்வராணி முந்தைய நாள் மாலை மாரடைப்பில் இறந்துவிட்டார் என்றார்.

அவரை நீங்கள் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் நிற்கும் இடத்தில்தான் பார்த்திருப்பீர்கள். எழுந்ததும் வரும் சளிதான் சோதனைக்கு நல்லது. ஆஸ்பத்திரி திறக்கும்போது ஏலத்தோட்டத்து ஆட்கள் மலைமேல் இருப்பார்கள். அதனால் விடியுமுன் சளி எடுக்கும் டப்பாக்களோடு அவரே வந்து நிற்பார். பெண்பிள்ளை கையில் நாற்றத்தைக் கொடுப்பதா என்று கூசி, ஏலக்காயை மென்றுவிட்டு எச்சிலைத் துப்பித் தருவோர் உண்டு. அப்படி ஒருவரிடம் அவர் டப்பாவைத் திருப்பி நீட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

“மணம் எனக்கு எதுக்குண்ணே? நெஞ்சுல இருந்து இருமிக் குடுங்க. வெரசா, ஜீப்பு போயிரும்.”

ராசிங்காபுரத்து அண்ணன் தம்பியும் அங்கேதான் கொடுத்தார்கள். அண்ணனுக்கு நாள்பட்ட இருமல், எக்ஸ்ரேயில் சிறு கறை. தம்பிக்குச் சில மாதங்களிலேயே நுரையீரலில் ஓட்டை. அண்ணன்தான் ஒட்டவைத்தார் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. அவருக்குச் சோறு வாசலுக்கு வந்தது. தம்பி மகளைத் தூக்கவும் விடவில்லை.

ஒரே கிருமி என்றால் ஏன் இவ்வளவு வித்தியாசம் என்று செல்வராணி கேட்டுக்கொண்டே இருந்தார். சில வகைக் கிருமிகள் நுரையீரலின் எதிர்ப்பு அணுக்களை அதிகம் சீண்டாமல் பதுங்கும், சில அவற்றை அளவுமீறிக் கிளப்பிவிட, அந்த அணுக்களே நுரையீரலைக் கெடுத்துவிடும் என்று எனக்கு விளக்கினார். “தேவாரம் ஊருல யானைய வெரட்ட வந்த கூட்டமே வெள்ளாமைய மிதிச்சுப் போடும்லண்ணே, அப்படித்தான்” என்றார். பத்திரிகையில் எழுதலாமா என்றேன். “சில எடத்துல அப்படி நடக்கும்னு எழுதுங்க. இந்தத் தம்பிக்கு அப்படி நடந்துச்சுன்னு எழுதாதீங்க. அது இன்னும் தெரியாது.”

மருத்துவரைச் சம்மதிக்கவைத்து கிருமியின் வகை பார்க்க இருவரின் சளியையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். இரண்டும் வேறு கிருமி என்று முதல் கடிதம் வந்தது. ஒரே வீட்டில் அது எப்படி என்று மேலதிகாரி நம்பவில்லை. ஜீப்பு நெரிசலில் டப்பா மாறியிருக்கும் என்றார். இருபது ஆண்டு வேலையில் செல்வராணி கேட்காத பேச்சு அது. ஆனாலும் வாதாடவில்லை. மாறியிருக்கவும் கூடும் என்று ஒப்புக்கொண்டு, விடுப்பு போட்டு, ராசிங்காபுரத்துக்கே போனார். ஒருநாள் அண்ணனிடம், மறுநாள் தம்பியிடம் சளி எடுத்து, தனித்தனியே முத்திரையிட்டு அனுப்பினார்.

அதற்குத்தான் திங்களன்று பதில் வந்தது. அவர் சரியாகவே செய்திருந்தார்.

அன்றே அண்ணனிடம் போய்ச் சொன்னேன். தம்பி மனைவியும் கதவோரம் நின்று கேட்டார். “அப்ப அவனுக்கு நான் குடுக்கல” என்றார் அண்ணன். பிறகு, “அந்த லேப்பம்மாகிட்ட சொல்லியாச்சாண்ணே?” என்று கேட்டார். நேற்று மாலையே அவர் இறந்துவிட்டார் என்றேன். தம்பி மனைவி உள்ளே போய் இலையைப் போட்டு அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்டார்.

தெரிந்ததோடு நிறுத்திக்கொள்ளும் செல்வராணியின் பழக்கத்தை நான் வைத்துக்கொள்கிறேன். தம்பியின் நுரையீரலைக் குலைத்தது கிருமியின் வீரியமா, அதை எதிர்த்த அவர் உடம்பின் வேகமா என்று ஆய்வுக்கூடம் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆவணிக் கடைசியில் பதில் வரும் என்று எழுதியிருக்கிறார்கள்.