வில்காரியும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் ஒரு பெண்ணின் துக்கத்தைப் பொறுமையாகக் கேட்பார். அந்தப் பெண் நான் இல்லை. கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் ஒரு வில்காரி. கையில் வில், கூரான காது, இடுப்புவரை முடி. அவர் பாலிடெக்னிக் படித்த காலத்தில் சிடியில் வாங்கிய விளையாட்டு அது. அப்போதிருந்து அவளுக்கு வயது ஏறவில்லை. எனக்கு ஏறிவிட்டது.

பாகூரில் அவருக்கு டூ வீலர் மெக்கானிக் ஷெட். ஞாயிற்றுக்கிழமை மதியம் அதைப் பூட்டிவிட்டு வந்து, கறிச்சோறு சாப்பிட்ட கையோடு லேப்டாப்பைத் திறப்பார். லேப்டாப் மாறியது, வீடு மாறியது, விளையாட்டு மட்டும் மாறவில்லை. முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். படமும் பிரமாதம் கிடையாது. ஆட்கள் எறும்பு அளவுதான் தெரிவார்கள், பேசும்போது மட்டும் ஓரத்தில் முகம் பெரிதாக வரும். வில்லியனூரில் செல்போன் கடை வைத்திருக்கும் பாய் அவருடன் படித்தவர். அவருக்கும் இதே பைத்தியம். இரண்டு பேரும் போனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசினால் எனக்குக் காது எரியும்.

"அவ நேத்து அழுதுட்டா மச்சான்" என்பார் இவர்.

"எத்தினி வாட்டிடா அதையே கேப்ப?"

"தெரிஞ்சதுதான். ஆனா நெஞ்ச அடைக்குதுடா."

நான் அரியாங்குப்பத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். தினமும் ஸ்கூட்டியில் போய் வருகிறேன். ஒரு திங்கட்கிழமை என்னை மாடியில் ஸ்டாக் ரூமுக்கு மாற்றினார்கள். முன்னால் நிற்கச் சின்னப் பெண்கள் வேண்டுமாம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "நாளையிலேர்ந்து மேல போங்க" என்றார்கள், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே இவரிடம் சொன்னேன். "பாத்துக்கலாம் வுடு" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனார். மறுநாள் மறுபடி ஆரம்பித்தேன். "ஷெட்ல வண்டி நிக்குது" என்றார். அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். வேலையை விடுவதா, இருப்பதா என்று எனக்குப் புரியவில்லை. ஒரு ஆளிடம் அதை முழுசாகச் சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னா சொல்றா உன் ஆளு?"

நான் கேட்டதில் அவருக்குச் சந்தோஷம். இங்கிலீஷில் இருந்ததைப் படித்துப் படித்துச் சொன்னார். "அவ ஊரு எரிஞ்சி போச்சு. தங்கச்சிய உள்ள வுட்டுட்டு இவ மட்டும் ஓடியாந்துட்டா. அத இப்பதான் சொல்றா."

"நீ இன்னா சொல்லணும்?"

"தோ, கீழ மூணு பதில் இருக்குது பாரு. உம்மேல தப்பு இல்லன்றது ஒண்ணு. இன்னும் சொல்லு, கேக்கறேன்றது ஒண்ணு. கடைசில, எனக்கு வேல இருக்குது, நட போவலாம்."

"கடைசியா இருக்கறத சொன்னா?"

"சொல்லவே கூடாது. மூஞ்ச திருப்பிக்குவா. அப்புறம் வாயே தொறக்க மாட்டா. பொறுமையா கேட்டாதான் கடைசி வரைக்கும் கூட வருவா. அதனாலதான்டி இத்த இன்னும் ஆடறோம். இப்ப வர்ற கேமெல்லாம் சுடறதும் ஓடறதும்தான். இதுல கூட வர்றவங்களுக்கு மனசு இருக்குது."

மனசு இருக்கிறதாம். மவுஸைப் பிடுங்கி அந்தக் கடைசி பதிலை அமுக்கினேன்.

"அய்யய்யோ, இன்னாடி பண்ண?"

"எங்கிட்ட தெனம் சொல்றியே, அத அவகிட்ட சொன்னேன்."

"அவ இனிமே பேச மாட்டாடி!"

"நான் பேசறத வுட்டு எத்தினி நாளாவுது, தெரியுமா உனக்கு?"

அவர் எதையோ தட்டினார். ஏற்கெனவே சேமித்து வைத்திருந்த இடத்துக்கு விளையாட்டு திரும்பிப் போனது. வில்காரி மறுபடி வந்து நின்று, முதல் தடவை சொல்வது போலவே அதே கதையை ஆரம்பித்தாள். பட்ட அவமானம் அவளுக்கு ஞாபகமே இல்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதைவிடக் கேவலம், அந்தத் தங்கை என்ன ஆனாள் என்று எனக்கே தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டது. அந்த ஆத்திரத்தில் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்ப் பாத்திரங்களை டங்கு டங்கென்று போட்டு விளக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் வந்து நின்றார்.

"இன்னா சொல்றதுன்னு தெர்லடி."

"ஒண்ணும் சொல்லாத. கேளு."

வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். மேனேஜர் என் முகத்தைப் பார்க்காமல் பேசியது, மாடியில் காற்றே இல்லாதது, சேலை பிரித்துக் காட்ட நான் பழக்கிவிட்ட பெண்ணே இப்போது என் இடத்தில் நிற்பது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நாளைக்கு போவாத" என்று நடுவில் பாய்ந்தார்.

"நான் இன்னும் முடிக்கல."

அடங்கினார். முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே தெளிந்தது.

"போறேன். ஆனா மாடிக்கு போவ மாட்டேன்னு சொல்லப் போறேன். சேல விக்கத்தான சேந்தேன்."

"வேலைய வுட்டு தூக்கிட்டா?"

"தூக்கட்டும். வூட்ல கெடப்பேன், உன் வில்காரிக்கு சக்களத்தியா."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழுவிய பாத்திரங்களை அவரே உள்ளே எடுத்துப்போய் அடுக்கினார். சத்தம் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்து, அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.