பூசணத்துக்கு வடித்த சோறு

வீட்டு லீக்ஸ் பாத்தியில் புழு விழுந்ததால், கந்தப்பளையில் இரசாயன மருந்தே அடிக்காத ஒரு பசுமைக்குடிலுக்குப் போயிருந்தேன். அங்கேதான் அந்த அம்மாவைப் பார்த்தேன். முன்பு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்தவர். விரல்களில் கொழுந்துக் கறை இன்னும் போகவில்லை.

புழுவைக் கொல்லும் மண் பூஞ்சணத்தை வளர்ப்பது அவர் வேலை. அரைவேக்காட்டுச் சோற்றைப் பைகளில் அவித்து, ஆறியதும் பூஞ்சண விதையைத் தூவுவார். சில நாட்களில் சோறெங்கும் வெள்ளையாகப் படர்ந்துவிடும். அதைத் தண்ணீரில் கரைத்துச் செடியடியில் ஊற்றுவார்கள். ஒவ்வொரு பையையும் கட்டுவதற்கு முன் அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“சோத்தப் பூசணம் புடிக்க விட மனசு வருதாங்க?” என்று கேட்டேன்.

“மொத நாளு அழுதுட்டேங்க. அப்புறந்தான் யோசிச்சேன், இந்தப் பூசணமும் வேலைக்குப் போற உசுருதானே? காலையில வெறும் வயித்தோட, பேர் கூப்பிட்டு வேல பிரிக்கிற பெரட்டுல நின்னா கை கால் ஓடாதுங்க. எனக்குத் தெரியாதா?”

மதியம் அவர் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே சோறு இல்லை. காலையில் சுட்ட கோதுமை ரொட்டி இரண்டு இருந்தது. நான் பூஞ்சணப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, ரொட்டி ஒன்றை என் கையில் வைத்தார்.

“வெறும் வயித்தோட பஸ் ஏறாதீங்க.”