ஜெயந்தினியின் இரத்தத்தில் இருந்தது

கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் எட்டு வருடமாக ஜெயந்தினிதான் எல்லாம். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் பதினான்கு குழந்தைகளையும் குளிப்பாட்டுவாள், ஊட்டுவாள், அவர்கள் மிச்சம் வைத்த சோற்றையே தன் மதியச் சாப்பாடாக்கிக்கொள்வாள். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து இப்போதுதான் அவளுக்கும் மூன்று மாதம்.

சிறு பிள்ளைகளின் எச்சிலில் பரவும் சைட்டோமெகலோ வைரஸ் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கலாம் என்று டாக்டர் இரத்தம் சோதிக்கச் சொன்னார். அறிக்கையில் 'பொசிட்டிவ்' என்ற சொல்லைப் பார்த்தவள் மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. நான்காம் நாள் மருத்துவமாது கமலேஸ்வரி அவள் குடியிருந்த லயத்து வீட்டுக்கே வந்து அறிக்கையை வாங்கிப் பார்த்தார்.

"முழுசாப் படிக்காம அழுதா எப்படி? அந்தக் கிருமி நம்ம ஒடம்புக் கலத்து மேல உள்ள புரதத்தப் புடிச்சித்தான் உள்ள நுழையும். புடிக்கிற கையப் போய் மூடுறதுதான் பிறபொருளெதிரி. அதுதான் ஒனக்கு இருக்குன்னு போட்டிருக்கு, அதுவும் பழைய தொத்துக்கு உள்ள வகை; புதுத் தொத்துக்கு உள்ளது இல்ல. எப்பவோ வந்த கிருமி, இப்ப அடங்கிக் கெடக்கு."

"அப்ப பிள்ளைக்கு ஒன்னும் ஆகாதுங்களா, மிஸ்ஸி?"

"பயம் ரொம்பக் கொறவு. அறவே இல்லன்னு சொல்ல மாட்டேன், அதே கிருமியில வேற வகை புதுசா தொத்தலாம். கையக் கழுவு, எச்சிச் சோறு திங்காத."

"சோறு வீணாப் போகுமே."

"நாய்க்குப் போடு. அதுக்கு இது தொத்தாது."

மறுநாள் ஜெயந்தினி ஒவ்வொரு தட்டிலும் பாதியே போட்டாள். கேட்ட பிள்ளைக்கு மறுபடி போட்டாள். பிறகு கை கழுவி, தனக்கென்று ஒரு தட்டு எடுத்து, எட்டு வருடத்தில் முதல் தடவையாக அங்கே சுடச்சுடச் சாப்பிட்டாள்.